மஞ்சள் பெட்டிக்காக நீக்கப்பட்டவன்

எனக்குப் பிரியாவிடை விழா எடுப்பதற்காகப் பழைய கூட்டப் புத்தகங்களைத் தூசி தட்டிய காரியாலயத்துப் பிள்ளைகள், போன மாதம் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். முப்பது வருடத்துக்கு மேலாக இந்தக் கட்சியின் யட்டியாந்தோட்டைக் கிளையில் எழுத்து வேலை பார்த்த நான், கட்சியிலிருந்து எப்போதோ நீக்கப்பட்டவன். தீர்மானம் அழகான கையெழுத்தில் இருந்தது. கையெழுத்து என்னுடையது.

பிள்ளைகள் வெலவெலத்துப் போனார்கள். மாலைக்கும் லட்டுக்கும் ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது. கட்சியில் இல்லாத ஆளுக்குக் கட்சிச் செலவில் மாலை போடலாமா என்று ஒரு சாரார், போட்டால் என்ன என்று இன்னொரு சாரார். இந்தப் பிள்ளைகள் இப்போது எதற்கெடுத்தாலும் இரண்டு சாராராகத்தான் பிரிகிறார்கள். வேறொரு கட்சியோடு கூட்டுச் சேரலாமா கூடாதா என்று ஆறு மாதமாக ஒருவரை ஒருவர் துரோகி என்று அழைத்துக்கொண்டு, மத்தியானம் ஒரே சட்டியில் சோறு தின்கிறார்கள். "அந்தக் காலத்துல நீங்க விட்டுக்குடுத்தீங்களா, இல்லையா? ஒரே வார்த்தையில சொல்லுங்கய்யா" என்று கேட்டார்கள். ஒரே வார்த்தையில் சொல்ல முடியாததால் இதை எழுதுகிறேன்.

நான் ரப்பர் தோட்டத்துத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்தில் பிறந்தவன். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படிப்பு. பிறகு ஸ்டோரில், அதாவது தோட்டத்து ஆலையில், ரப்பர் ஷீட் உருட்டும் வேலை. ரோலர் என் இடது கையின் இரண்டு விரலை ருசி பார்த்ததும் அந்த வேலை முடிந்தது. பஜாரில் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதிப் பிழைத்தேன். தமிழும் சிங்களமும் கோணாமல் எழுதுவேன் என்று கேள்விப்பட்டுக் கட்சி என்னைப் பிடித்துக்கொண்டது. எனக்குத் தூரிகை முதலில் வந்தது, கொள்கை பின்னால் வந்தது. நான் பெற்ற பயிற்சி அவ்வளவுதான்.

பிடித்தவர் செயலாளர் சிவசம்புத் தோழர். யாழ்ப்பாணத்துக்காரர். இரத்தினபுரிக் கோர்ட்டில் ஒரு வக்கீலிடம் கிளாக்கராக இருந்து, அந்த வேலையை உதறிவிட்டு எங்களைத் திருத்த வந்தவர். வெள்ளை வேட்டி, கறுப்புக் குடை, சட்டைப் பையில் ஒரு பென்சில். அந்தப் பென்சிலுக்கு ஒரு முனை சிவப்பு, மறு முனை நீலம். நான் எழுதிக் கொடுக்கும் எதையும் இரண்டு முறை வாசிப்பார். சரியான வாக்கியத்துக்குப் பக்கத்தில் சிவப்புக் கோடு. கொள்கையிலிருந்து நழுவிய வாக்கியத்துக்கு நீலக் கோடு. "வணக்கம்" என்று ஒரு நோட்டீசைத் தொடங்கியதற்கே எனக்கு நீலக் கோடு விழுந்தது. "யாரை வணங்கிறீர், தோழர்? ஏன் வணங்கிறீர்?" என்று கேட்டார். நான் அந்தச் சொல்லை அடித்துவிட்டுக் கொடுத்தேன். யாரை வணங்கினேன் என்று இன்றைக்கும் தெரியாது.

அவர் தேநீரில் சீனி போட மாட்டார். அதை நான் பெரிய தியாகம் என்று நம்பி ஆறு மாதம் வெறும் சாயத்தைக் குடித்தேன். பிறகுதான் அவருக்கு நீரிழிவு என்று தெரிந்தது. அவரிடம் கேட்டபோது, "நீர் ஏன் குடிச்சனீர்? நான் சொன்னனானோ?" என்றார். அவர் பொய் சொல்லி நான் கேட்டதில்லை. அவரோடு வேலை செய்வதில் இருந்த பெரிய கஷ்டமே அதுதான்.

கிளையில் ஐந்து பேர். சிவசம்புத் தோழர், நான், காசிம் நானா, பியசேன, செல்லாயி. காசிம் நானா மாவனல்லைக்காரர், பஜாரில் தையல் கடை வைத்திருந்தார். அவருடைய கடை மாடிதான் எங்கள் காரியாலயம். பியசேன பஸ் சாரதி. செல்லாயி நான் பிறந்த அதே தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டுகிறவள். ஐந்து பேரில் கூச்சமில்லாமல் பேசுகிறவள் அவள் ஒருத்திதான்.

சிவசம்புத் தோழர் எழுதிய விதிகளில் இரண்டை இங்கே சொல்லிவிடுகிறேன். மூன்று பேர் இல்லாமல் கூட்டம் கூடாது. ஒருவரை நீக்கும் தீர்மானம் மட்டும், அடுத்த மாதக் கூட்டத்தில் வாசித்து உறுதிப்படுத்தினால்தான் செல்லும். கோபத்தில் யாரையும் துரத்திவிடக் கூடாது, ஒரு மாதம் ஆறப்போட வேண்டும் என்பது அவர் நியாயம். நல்ல விதி. அது எங்களை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்று அப்போது யாருக்கும் தெரியாது.

காய்ச்சல் பரவி லயத்துக்கு லயம் பிணம் போன வருடத்துக்கு அடுத்து ஒரு தேர்தல் வந்தது. காய்ச்சலில் கிடந்து எழும்பிய பெண்கள் வெட்டிக் கொண்டுவரும் ரப்பர் பால் குறைந்தது. பால் குறைந்தால் தோட்டத்தை நடத்தும் துரை அரைப்பேர் போடுவார், அதாவது முழு நாள் வேலைக்கு அரை நாள் பதிவு. செல்லாயி பெண்களைத் திரட்டிக்கொண்டு போய் பங்களா வாசலில் நின்றாள். அரைப்பேர் நின்றது. கூடவே அவளுக்கும் இன்னும் பத்துக் குடும்பங்களுக்கும் நோட்டீசும் வந்தது. ஒரு மாதத்தில் லயக் காம்பிராவை, இருந்த அந்த ஒற்றை அறையை, காலி பண்ண வேண்டும். அந்த மாதம் முடிவது தேர்தலுக்கு அடுத்த வாரம். அவள் புருஷன் வேலுவுக்குக் காய்ச்சலில் மண்ணீரல் வீங்கி, வாசற்படியைத் தாண்டவே ஆள் பிடிக்க வேண்டும். இரண்டு பிள்ளைகள். இந்தியா அவளுக்குப் பாட்டியின் வாயில் வந்த ஒரு பெயர். போக வேறு இடம் இல்லை.

எங்கள் வேட்பாளர் கொழும்பிலிருந்து வந்த ஓர் இளம் வக்கீல். அவர் வென்று சட்டசபைக்குப் போனால் கேள்வி கேட்பார். துரை கடவுளுக்குப் பயப்படாவிட்டாலும் கேள்விகளுக்குப் பயந்தவர். எதிரே நின்றவர் வளவு முதலாளி, பரம்பரைப் பணக்காரர். பக்கத்து ரப்பர் தோட்டம் அவருடையது. துரையும் அவரும் ஒரே மேசையில் சீட்டு ஆடுகிறவர்கள். அவர் வென்றால் பதினொரு குடும்பமும் ரோட்டில்.

அந்தக் காலத்தில் வாக்குச் சீட்டில் யானை, கை, சாவி எதுவும் கிடையாது. ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு நிறம், அந்த நிறத்தில் ஒரு பெட்டி. மேசையில் சீட்டை வாங்கிக்கொண்டு மறைப்புக்குள் போய், பிடித்த நிறப் பெட்டியில் போட்டுவிட்டு வர வேண்டும். ஒரு வருடமாக நாங்கள் லயம் லயமாகப் போய் என்ன சொன்னோம்? சிவப்பு நம் இரத்தத்தின் நிறம், சிவப்பு நம் கொடியின் நிறம், சிவப்பைத் தவிர வேறு நிறத்தை ஏறெடுத்தும் பார்க்காதே. காசிம் நானா தைத்த சிவப்புக் கொடிகளால் தோட்டமே பழுத்த மிளகாய்த் தோட்டமாகிவிட்டது. நான் எழுதிய சிவப்பு எழுத்து பாலத்தில், பாறையில், துரையின் மாட்டுக் கொட்டகையில்கூட இருந்தது.

கச்சேரியில், அதாவது அரசாங்கக் காரியாலயத்தில், நிறத்துக்குச் சீட்டுக் குலுக்கினார்கள். சிவப்பு வளவு முதலாளிக்கு விழுந்தது. எங்களுக்கு மஞ்சள்.

செய்தி கொண்டுவந்த பியசேன பஸ்ஸை நடுச் சந்தியிலேயே நிறுத்திவிட்டு மாடிப்படி ஏறி வந்தான். "சகோதரயா, ரத்து பாட்ட, நம்ம செவப்பு, அந்த ஆளுக்குப் போச்சு" என்று தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். எனக்குச் சிரிப்பு வந்தது. செல்லாயியின் முகத்தைப் பார்த்ததும் அடங்கியது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலைக் கூட்டத்தை நான் மறக்க மாட்டேன். செல்லாயிதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"மஞ்சன்னா எங்களுக்குக் காட்டிக்குடுக்கத் தேவையில்லீங்க. ஆத்தா நெறம். பொம்பளைங்க மஞ்சத் தண்ணியில நனச்ச துணியத் தலையில கட்டிக்கிட்டு வந்தாப் போதும். மாரியாத்தா பொட்டின்னு சொன்னா கண்ணு தெரியாத கெழவிகூட மறக்க மாட்டா."

சிவசம்புத் தோழர் பென்சிலை மேசையில் வைத்தார். "இண்டைக்கு நாங்கள் மாரியம்மனைக் காட்டி வோட்டுக் கேட்டால், நாளைக்கு அவன் முனியைக் காட்டிக் கேப்பான். அப்ப என்ன செய்வீங்கள்? சனத்துக்கு விளங்கப்படுத்த வேணும். விளங்கி வாற வோட்டுத்தான் வோட்டு."

"வெளங்குறதுக்குள்ள எங்க சட்டி பானையெல்லாம் ரோட்டுல கெடக்குங்களே, ஐயா!"

"தோழர் எண்டு சொல்லுங்கோ."

"தோழர் ஐயா."

காசிம் நானா இழுத்தார். "எனக்கும் இது சரிப்படாது. கோயில் பேரச் சொல்லி வோட்டுக் கேட்டா எங்கட பள்ளிவாசல்ல என்னக் கேப்பாங்க." பியசேனவும் தலையாட்டினான். மஞ்சள் காவியின் நிறம் என்று நாளைக்கு விகாரையிலும் சண்டை வரும் என்றான். பிரச்சாரத்தில் சாமியையும் கோயிலையும் மஞ்சள் துணியையும் பயன்படுத்தக் கூடாது என்ற தீர்மானம் மூன்றுக்கு இரண்டு என்று நிறைவேறியது. எதிர்த்தது நானும் செல்லாயியும். எதிர்த்துவிட்டு, தீர்மானத்தை அட்சரம் பிசகாமல் எழுதினேன். பக்கத்தில் சிவப்புக் கோடு விழுந்தது.

அதற்குப் பிறகு சிவசம்புத் தோழர் விளங்கப்படுத்தப் புறப்பட்டார். லயத்து முற்றத்தில் இரண்டு மணி நேர வகுப்பு. நிறம் என்பது வெளித்தோற்றம், வர்க்கம் என்பது உள்ளடக்கம், பெட்டியின் சிவப்பு பொய்ச் சிவப்பு, கொடியின் சிவப்பு மெய்ச் சிவப்பு. எனக்கே நடுவில் தலை சுற்றியது. வேலுவை வாசலுக்குத் தூக்கிவந்து சாய்த்துவைத்திருந்தார்கள். முதல் பாதியில் தூங்கிவிட்டு, இரண்டாம் பாதியில் கண்ணை அகல விழித்து ஒவ்வொரு "சிவப்பு"க்கும் தலையாட்டினான். சிவசம்புத் தோழர் அவனைக் காட்டி, "பாத்தீரோ, விளங்குது" என்று என்னிடம் சந்தோஷமாகச் சொன்னார்.

அடுத்த ஞாயிறு தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழா. நானும் செல்லாயியும் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். மஞ்சளைக் கரைத்து, ஒரு பழைய வேட்டியைக் கிழித்து, ஐம்பது அறுபது துண்டு நனைத்துக் காயவைத்தோம். திருவிழாவில் பெண்களுக்குக் கொடுத்து, "இந்த நெறப் பொட்டி" என்று காதோடு சொல்ல வேண்டும். எங்கள் ஏற்பாடு அவ்வளவுதான். தீர்மானத்தை மீறுகிறோம் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

மத்தியானம் தப்பு மேளம் உச்சத்தில் அடித்துக்கொண்டிருந்தபோது செல்லாயிக்குச் சாமி வந்தது.

அது ஏற்பாட்டில் இல்லை. தலைமுடி அவிழ, கையிலிருந்த மஞ்சள் துண்டை உயரத் தூக்கிக்கொண்டு ஆடினாள். "எம்புள்ளைங்கள வீட்ட விட்டுத் தொரத்தப் பாக்குறாங்கடா! நான் மஞ்சப் பொட்டியில ஒக்காந்திருக்கேன்டா! அங்க வந்து என்னயப் பாருங்கடா!" என்று கத்தினாள். ஜனம் அப்படியே விழுந்து கும்பிட்டது. கட்சியின் எழுத்துக்காரன் நான், எனக்கும் கை தானாகக் குவிந்தது. நிமிர்ந்தால், பலா மரத்தடியில் கறுப்புக் குடையோடு சிவசம்புத் தோழர். திருவிழாவுக்குக் கூடிய ஆட்களுக்கு வகுப்பு எடுக்கலாம் என்று வந்திருக்கிறார். குடையைச் சுருக்கினார், மறுபடி விரித்தார், திரும்பிப் போய்விட்டார்.

மறுநாள் எனக்கும் செல்லாயிக்கும் குற்றப்பத்திரிகை வந்தது. முழுவதும் நீலத்தில். தேர்தல் வேலை கெடக் கூடாது என்பதால் விசாரணை தேர்தலுக்குப் பிறகு என்று கீழே குறிப்பு. அதைக் கொடுத்துவிட்டு, "பாலத்தில ஒட்டுற நோட்டீஸ் எழுதி முடிஞ்சுதோ?" என்று வழக்கம்போலக் கேட்டார்.

வாக்களிப்பு ஒரு பாடசாலையில். வளவு முதலாளியின் ஆட்கள் நாங்கள் தைத்த மாதிரியே சிவப்புக் கொடி கட்டியிருந்தார்கள். துணியும் காசிம் நானா வாங்குகிற அதே கடையில் வாங்கியது. சிவசம்புத் தோழர் கேற்றுக்கு வெளியே, சட்டம் சொன்ன தூரத்தை அடியால் அளந்து நின்றார். நான் அவருக்கு எதிர்ப்பக்கத்தில்.

காலை பத்து மணியிருக்கும். வேலுவை நாற்காலியில் வைத்து இரண்டு பேர் தூக்கிவந்தார்கள். போட்டுவிட்டு வெளியே வந்தவன், நாற்காலியை இறக்கச் சொன்னான். மூச்சு வாங்கியது. முகமெல்லாம் சிரிப்பு.

"நீங்க சொன்ன மாதிரியேதாங்க, தோழர். வீட்டுல மஞ்சன்னு என்னமோ சொன்னா, நான் கேக்கல. கண்ண மூடிக்கிட்டு செவப்புல போட்டுட்டேன். நம்ம நெறம்."

சிவசம்புத் தோழர் அவனையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தச் சீட்டு அவனையும் அவன் பிள்ளைகளையும் லயத்தை விட்டு இறக்குகிற சீட்டு. அவனுக்கு அது தெரியாது. அவருக்குத் தெரியும். அவனை வைத்துத்தானே "விளங்குது" என்றார்! "நல்லது, தோழர்" என்று மட்டும் சொன்னார். அந்த நிமிஷம் எனக்கு அவர் மேல் இருந்த எரிச்சலெல்லாம் போய், பாவமாக இருந்தது.

சற்று நேரத்தில் பக்கத்துத் தோட்டத்துக் கிழவி ஒருத்தி கையில் துண்டும் இல்லாமல், ஒன்றும் தெரியாமல் அவரிடம் வந்து நின்றாள். அவர்கள் பேசியது எனக்குக் கேட்கவில்லை. அவர் குனிந்து எதையோ சொன்னதும், கிழவி கும்பிட்டுவிட்டு உள்ளே போனதும்தான் தெரிந்தது.

நாங்கள் வென்றோம். மயிரிழையில்தான், ஆனாலும் வென்றோம். நோட்டீஸ் வாபஸ் என்று பெரிய கங்காணி மூன்றாம் நாள் லயத்துக்கு வந்து சொன்னார், எதுவும் நடக்காத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு. செல்லாயி கட்டிவைத்த மூட்டையை அவிழ்த்தாள்.

அடுத்த ஞாயிறு விசாரணை. வெற்றிக்குப் பிறகு யாருக்கு விசாரணை வேண்டும்? பியசேன வாழைப்பழமும் பலகாரமும் கொண்டுவந்திருந்தான். சிவசம்புத் தோழர் அதை ஓரமாக நகர்த்தினார். "வெண்டது எண்டதால பிழை சரியாகாது. எழுதும், தோழர்" என்றார். என் விசாரணைக்கு நானே குறிப்பு எழுதினேன். துண்டு நனைத்ததை ஒப்புக்கொண்டேன்.

பிறகு செல்லாயியைப் பார்த்தார். "ஒரு கேள்விதான். அண்டைக்குச் சாமி வந்தது மெய்யோ, நடிப்போ?"

செல்லாயி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "அது இருக்கட்டுங்க. வோட்டு அன்னிக்கு கேட்டுல ஒரு கெழவி, 'ஆத்தா எந்தப் பொட்டியில இருக்கா சாமி'ன்னு ஒங்களக் கேட்டிச்சு. நான் வரிசையில பின்னாலதான் நின்னேன். 'மஞ்சள் பெட்டியிலதான் இருக்கிறா அம்மா, கும்பிட்டுப் போடுங்கோ'ன்னு சொன்னீங்க. அது மெய்யா, நடிப்பா?"

சிவசம்புத் தோழர் பென்சிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எந்த முனை என்று அவருக்கே தெரியவில்லை போல.

"எனக்குத் தெரியேல்லை" என்றார் கடைசியில். "எழுதும். மூண்டு பேர். மருதமுத்து, செல்லாயி, சிவசம்பு. தீர்மானத்தை மீறினதுக்காக நீக்கம்."

"தோழர், உங்க பேர..."

"எழுதும் எண்டு சொன்னனான்."

எழுதினேன். எழுத்து கோணவில்லை, பிள்ளைகள் பார்த்ததுதானே. நீலக் கோட்டை அவரே போட்டார், நேராக, மூன்று பெயருக்கும் சேர்த்து. எனக்கு அழுகை வந்தது, அடக்கவில்லை.

அப்போதுதான் காசிம் நானா அளவு நாடாவை மடித்துக்கொண்டே கேட்டார். "எல்லாம் சரி. அடுத்த மாசம் இத உறுதிப்படுத்தக் கூட்டம் வேணுமே. யார் வார? நீங்க மூணு பேரும் போனா நானும் பியசேனவும்தான் மிச்சம். ரெண்டு பேர் இருந்தா அது கூட்டம் இல்ல தோழர், அது கதைக்கிறது. உங்கட விதிதானே."

சிவசம்புத் தோழர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். இரண்டு முறை வாசித்தார். உறுதிப்படுத்தும் வரைக்கும் நாங்கள் மூவரும் உறுப்பினர்கள். உறுதிப்படுத்த எங்களில் ஒருவராவது கூட்டத்தில் இருக்க வேண்டும். தன் நீக்கத்தை உறுதிப்படுத்தும்போது அந்த ஆள் கூட்டத்தில் இருக்கக் கூடாது என்றும் அவரே ஒரு விதி எழுதிவைத்திருந்தார். பியசேன வாழைப்பழத்தை உரித்தான்.

அடுத்த மாதம் கூட்டம் கூடியது. முதல் விடயம், நீக்கத் தீர்மானத்தை உறுதிப்படுத்தல். ஒத்திவைக்கப்பட்டது. அதற்கு அடுத்த மாதமும் அப்படியே. ஒரு கமாவைக்கூட விட்டுக்கொடுக்காத அந்த மனிதர், தான் காலமாகும் வரை ஒவ்வொரு மாதமும் அந்த முதல் விடயத்தைத் தன் வாயால் வாசித்து, தானே ஒத்திவைத்தார். விதியைத் திருத்தியிருந்தால் ஒரே நாளில் முடிந்திருக்கும். யாரும் முன்மொழியவில்லை. அவரும் கேட்கவில்லை. அவருக்குப் பின் நானும் அந்த வரியைப் புத்தகத்திலிருந்து எடுக்கவில்லை, அது என்ன விடயம் என்று புதிதாக வந்த யாரும் கேட்டதுமில்லை.

பிள்ளைகள் இப்போது வழி கண்டுபிடித்துவிட்டார்கள். இரண்டு சாராரும் ஆறு மாதத்தில் முதல் தடவையாக ஒன்றுபட்டு, பழைய தீர்மானத்தை ரத்துச் செய்து எனக்கு மாலை போடலாம் என்று வந்தார்கள். நான் ஒரு நாள் அவகாசம் கேட்டேன். தோட்டத்துக்குப் போய்ச் செல்லாயியிடம் சொன்னேன். அதே காம்பிரா. வேலு போய்ச் சேர்ந்து வெகு காலம்.

"ரத்துப் பண்ண விடாதீங்கண்ணே" என்றாள். "அந்த ஐயா பேரும் நம்ம பேரும் ஒண்ணா இருக்கிற எடம் அது ஒண்ணுதான்."

மறுநாள் காரியாலயத்துக்குப் போய்ப் புத்தகத்தை வாங்கி, என் கையாலேயே எழுதிவிட்டு வந்தேன். முதல் விடயம், ஒத்திவைக்கப்பட்டது.